காது அடைப்பு: கை வைப்பதற்கு முன் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

கேள்வி: எனக்கு 47 வயது. மூன்று வாரத்துக்கு முன் கடுமையான ஜலதோஷம் வந்தது. மூக்கு சரியாகிவிட்டது, இடது காது மட்டும் அடைத்தபடியே இருக்கிறது. நான் பேசுவது எனக்கே பானைக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் கேட்கிறது. வலி இல்லை, சீழ் இல்லை. பட்ஸ் விட்டுத் துடைத்தேன். கொஞ்சம் பழுப்பாக வந்தது, ஆனால் அடைப்பு முன்னைவிட அதிகமாகிவிட்டது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதினால் 'டப்' என்று திறக்கிறது, ஒரு நிமிடம் நன்றாகக் கேட்கிறது, அப்புறம் பழையபடி அடைத்துக்கொள்கிறது. சுடவைத்த எண்ணெய் விடச் சொல்கிறார் ஒருவர், காதில் மெழுகுத்திரி வைக்கச் சொல்கிறார் இன்னொருவர். பத்து நாளில் விமானப் பயணம் இருக்கிறது. மகளும் அவளுடைய எட்டு மாதக் குழந்தையும் கூட வருகிறார்கள். வீட்டிலேயே இதைப் பாதுகாப்பாகச் சரிசெய்ய முடியுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

'டப்' என்று திறந்து ஒரு நிமிடம் நன்றாகக் கேட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியே எனக்குப் பாதி விஷயத்தைச் சொல்லிவிட்டது. மீதிப் பாதியை நீங்கள்தான் இன்றிரவு வீட்டில் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு முன்னால் காதில் எதையும் ஊற்றாதீர்கள், எதையும் விடாதீர்கள்.

காது அடைத்திருக்கிறது என்று என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த வார்த்தைக்குப் பின்னால் மூன்று வேறு வேறு இடங்கள் இருக்கின்றன. ஒன்று, செவிப்பறைக்கு வெளியே உள்ள துவாரம். குறும்பியோ குளித்த தண்ணீரோ அங்கே தங்கியிருக்கும். இரண்டாவது, பறைக்குப் பின்னால் இருக்கும் நடுச்செவி. அங்கே காற்றழுத்தம் குறைந்திருக்கும், அல்லது நீர் கோத்திருக்கும். மூன்றாவது இடத்தில் அடைப்பே இருக்காது. உள்செவி நரம்பின் கேட்கும் திறன் திடீரென்று குறைந்திருக்கும். அதுவும் நமக்கு அடைத்ததுபோலவேதான் தோன்றும். முதலாவதுக்கு எண்ணெய் உதவும். இரண்டாவதுக்கு எண்ணெய் விட்டுப் பயனில்லை, ஏனென்றால் முழுப் பறை ஒன்று நடுவில் நிற்கிறது. மூன்றாவதில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தால், வைத்தியத்துக்கான நாட்கள் கைவிட்டுப் போய்விடும்.

அதனால் முதல் வேலை இதுதான். அமைதியான அறையில் உட்காருங்கள். வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்...' என்று ஒரே சுருதியில் நீட்டி முனகுங்கள். அந்த ஒலி எந்தக் காதில் அதிகமாகக் கேட்கிறது என்று கவனியுங்கள். அடைத்த இடது காதில் அதிகமாகக் கேட்டால், குறும்பியோ அழுத்தமோ நீரோ ஒலியின் வழியைத்தான் மறித்திருக்கிறது, நரம்பு பெரும்பாலும் நலம். (ஒரு விரலால் வலது காதை அடைத்துக்கொண்டு முனகிப் பாருங்கள், ஒலி அந்தக் காதுக்கு ஓடுவது தெரியும். அதே கணக்குதான்.) ஆனால் அடைக்காத வலது காதில் அதிகமாகக் கேட்டால் அது நரம்புக் குறைவாக இருக்கலாம். அப்படியானால் இந்தக் கட்டுரையை இத்தோடு நிறுத்திவிட்டு, அன்றே ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். திடீர் நரம்புச் செவித்திறன் இழப்புக்கு ஸ்டீராய்டு மருந்து கொடுப்போம். முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம், நாள் தள்ளத் தள்ளக் குறைந்துகொண்டே போகும். உங்களுக்கு மூன்று வாரம் ஆகிவிட்டதே என்று விட்டுவிட வேண்டாம், அப்போதும் போவதுதான் சரி.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், காலையில் எழுந்ததும் ஒரு காது அடைத்திருந்தது, அழுக்குதான் என்று நினைத்து ஒரு மாதம் சொட்டு மருந்து விட்டேன் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கருவியில் பார்த்தால் துவாரம் கண்ணாடிபோல் சுத்தமாக இருக்கும். அதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கனத்துவிடும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். குரல் பானைக்குள் பேசுவதுபோல் கேட்பது, சளிக்குப் பிறகு வந்தது, ஊதினால் திறந்து மூடுவது, இவை மூன்றும் சேர்ந்தால் இரண்டாவது இடம் என்றே தோன்றுகிறது. பட்ஸ் விட்ட பிறகு அதிகமானதே, அது முதல் இடம். அதாவது சளி ஒரு பக்கம் அடைத்தது, பட்ஸ் இன்னொரு பக்கம் அடைத்திருக்கலாம். இரண்டையும் தனித்தனியாகத்தான் சரிசெய்ய வேண்டும்.

குறும்பியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் மக்கள் தங்களுக்குத் தாங்களே அதிகம் தீங்கு செய்துகொள்கிறார்கள். பெரியவர்களுக்குக் காதுத் துவாரம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். அதில் வெளிப்பக்கத்து மூன்றில் ஒரு பங்கில் மட்டும்தான் குறும்பி சுரக்கிறது. உள்ளே பறைக்குப் பக்கத்தில் சுரப்பியே கிடையாது. ஆகவே பறையை ஒட்டி ஒரு குறும்பி உருண்டை இருந்தால், பெரும்பாலும் வெளியிலிருந்து ஏதோ ஒன்று அதைத் தள்ளியிருக்கிறது என்று அர்த்தம். குறும்பி அழுக்கும் இல்லை. லேசான அமிலத்தன்மை உள்ள அந்தப் பசை, தோலை ஈரத்திலிருந்து காக்கிறது, தூசியைப் பிடித்து வைக்கிறது, கிருமிகளை வளரவிடாமல் தடுக்கிறது. அதை வெளியே கொண்டுவர உடம்பே ஒரு வழி வைத்திருக்கிறது: காதின் உள்தோல் பறையின் நடுவிலிருந்து வாசலை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. பறைமேல் சிறு மைப்புள்ளி வைத்துக் கவனித்தால், அது ஏறக்குறைய நகம் வளரும் வேகத்தில் வெளியே நகர்ந்து வரும். நாம் மெல்லும்போதும் பேசும்போதும் தாடை அசைந்து அதற்கு உதவுகிறது.

இந்த ஓட்டத்துக்கு எதிராகப் பட்ஸ் போகிறது. பஞ்சில் ஒட்டி வந்த பழுப்பைப் பார்த்துச் சுத்தமாகிவிட்டது என்று நினைக்கிறோம். ஒட்டாத மீதி உள்ளே போய் இறுகுகிறது. மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்போது அந்தக் குறும்பியின் முகப்பில் பட்ஸ் நுனி அளவுக்கு வட்டமாகக் குழிந்த ஓர் அச்சு இருக்கும், சில சமயம் வெள்ளைப் பஞ்சு இழையும் ஒட்டியிருக்கும். அந்த உருண்டையை எடுத்த நிமிடத்தில் பலர் தலையைத் திருப்பிச் சட்டை உரசும் சத்தத்தைக் கேட்டு ஆச்சரியப்படுவார்கள். ஊக்கு, ஹேர்பின், தீக்குச்சி, சாவி நுனி இவையெல்லாம் இன்னும் மோசம். அந்த இடத்துத் தோல் எலும்போடு ஒட்டிய மெல்லிய தோல். லேசாகக் கீறினாலே ரத்தம் வரும், அப்புறம் சீழ் பிடிக்கும்.

சரி, குறும்பியை இளக்க என்ன செய்யலாம்? கடைகளில் மருந்தாகவே விற்கும் ஆலிவ் எண்ணெய்ச் சொட்டு, பாதாம் எண்ணெய்ச் சொட்டு, சோடியம் பைகார்பனேட் சொட்டு, இவற்றில் எதுவானாலும் போதும். ஒன்றைவிட மற்றொன்று பெரிதாக உசத்தி என்று நான் சொல்லமாட்டேன். கொட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் பாதாம் எண்ணெயைத் தொட வேண்டாம். புட்டியைச் சூடாக்காதீர்கள். உள்ளங்கையில் ஐந்து நிமிடம் இறுகப் பிடித்திருந்தால் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். அடைத்த காது மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுத்து, காதுமடலை மேலும் பின்னுமாக லேசாக இழுத்து, இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். காதுக்கு முன்னால் இருக்கும் சிறு குருத்தெலும்பை மெதுவாக அமுக்கி அமுக்கி விட்டால் எண்ணெய் உள்ளே இறங்கும். ஐந்து முதல் பத்து நிமிடம் அப்படியே படுத்திருந்து, அப்புறம் எழுந்து வழிவதைத் துணியால் துடையுங்கள். பஞ்சு அடைத்து வைக்காதீர்கள், அது எண்ணெயை உறிஞ்சிவிடும். ஒரு நாளைக்கு மூன்று முறை, மூன்று முதல் ஐந்து நாள். முதல் இரண்டு நாளில் குறும்பி ஊறிப் பெருத்து, அடைப்பு கூடியதுபோல் தோன்றும். பயப்பட வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். அதற்கப்புறம் இரண்டு வாரத்துக்குள் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும், தலையணையில் பழுப்புத் திட்டுகூடத் தெரியலாம்.

சிலர் இதோடு ரப்பர் குமிழால் வெந்நீர் பீச்சிக் கழுவுகிறார்கள். குறும்பி நன்றாக இளகிய பிறகு, மெதுவாகச் செய்தால் பெரியவர்களுக்கு இது உதவுவதுண்டு. ஆனால் தண்ணீர் கிட்டத்தட்ட 37 டிகிரி, அதாவது உடம்புச் சூட்டிலேயே இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தாலும் கூடினாலும் தலை கிறுகிறுத்துவிடும். வியன்னாவில் வேலை பார்த்த ராபர்ட் பாரனி என்ற மருத்துவர், காது கழுவும்போது நோயாளிகளுக்குத் தலைசுற்றுவதைக் கவனித்தார். தண்ணீர் குளிர்ந்திருந்தால் கண்கள் ஒரு பக்கமாகத் துடித்தன, சூடாக இருந்தால் எதிர்ப்பக்கமாகத் துடித்தன. நம் உடம்பின் சமநிலை உறுப்பு அந்தத் துவாரத்துக்கு எவ்வளவு நெருக்கத்தில் இருக்கிறது என்பது அதிலிருந்து தெளிவானது. அந்த ஆய்வு வழியாக அவருக்கு 1914-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. குழாயைத் திறந்து நேராகக் காதில் பிடிக்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். உங்களுக்கு என் அபிப்பிராயம்: எண்ணெயோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பீச்ச வேண்டாம். பயணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது காதுக்குள் புண் வந்தால் சங்கடம்.

சொட்டு விடுவதற்கு முன் ஒரு நிபந்தனை உண்டு, பறை முழுசாக இருக்க வேண்டும். மூக்கைப் பிடித்து ஊதும்போது காது வழியாக 'உஸ்' என்று காற்று வெளியேறினால் பறையில் ஓட்டை இருக்கிறது. காதில் எப்போதாவது சீழ் வடிந்திருந்தால், அறுவை சிகிச்சை நடந்திருந்தால், சின்னக் குழாய் பொருத்தியிருந்தால், இப்போது வலியோ ரத்தமோ இருந்தால், சொட்டும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்களும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் வீட்டில் காது கழுவவே கூடாது. அவர்களுக்குச் சிறு கீறல்கூட எலும்புவரை பரவும் தொற்றாக மாறக்கூடும்.

சுடவைத்த எண்ணெய் வேண்டவே வேண்டாம். விரலில் பொறுக்கிற சூடு பறையில் பொறுக்காது. மெழுகுத்திரியும் அப்படித்தான். எரியும்போது உறிஞ்சி எடுக்கும் என்கிறார்கள். அளந்து பார்த்தவர்கள் அது எதையும் உறிஞ்சவில்லை என்றுதான் கண்டார்கள். எரிந்து முடிந்ததும் உள்ளே தெரியும் பழுப்புப் பொடி அந்தத் திரியின் மெழுகும் சாம்பலும். உருகிய மெழுகு காதுக்குள் சொட்டி வெந்துபோன சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன.

இனி பறைக்குப் பின்னால் இருப்பது. நடுச்செவிக்கும் மூக்கின் பின்பக்கத்துக்கும் நடுவே சுமார் மூன்றரை சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு குழாய் ஓடுகிறது, யூஸ்டேஷியன் குழாய் என்று பெயர். சாதாரணமாக அது மூடியே இருக்கும். நாம் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அண்ணத்துத் தசை இழுத்து அதை ஒரு கணம் திறக்கிறது, காற்று உள்ளே போகிறது. சளியில் அதன் உள்தோல் வீங்கிவிட்டால் திறப்பதில்லை. உள்ளே இருக்கும் காற்றைச் சுற்றியுள்ள தோல் மெல்ல உறிஞ்சிவிட, பறை உள்நோக்கி இழுபடுகிறது. அந்த இழுப்பைத்தான் நீங்கள் அடைப்பாக உணர்கிறீர்கள். மூக்கு சரியாகிவிட்டாலும் குழாயின் வீக்கம் வடியச் சில வாரங்கள் பிடிக்கும். மூன்று வாரம் என்பது எனக்கு ஆச்சரியம் தரவில்லை.

இதற்கு முதல் மருந்து விழுங்குவதுதான். அடிக்கடி ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள், சூயிங்கம் மெல்லுங்கள், வராவிட்டாலும் கொட்டாவி விட முயலுங்கள். அப்புறம், மூக்கை இரு விரலால் பிடித்துக்கொண்டு ஒரு மிடறு விழுங்கிப் பாருங்கள். பலருக்கு ஊதுவதைவிட இது மென்மையாக வேலை செய்கிறது. ஊதும் முறையை நீங்கள் ஏற்கெனவே செய்துவிட்டீர்கள், அதைச் சரியாகச் செய்யும் விதத்தை மட்டும் சொல்கிறேன். முதலில் மூக்கை மெதுவாகச் சிந்துங்கள். வாயை மூடி, மூக்கைப் பிடித்து, கண்ணாடியில் ஆவி படர ஊதுவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு விசையில், இரண்டு நொடி மட்டும் மூச்சை மூக்குக்குத் தள்ளுங்கள். கன்னம் உப்பக்கூடாது. 'டப்' என்றதும் நிறுத்திவிட்டு ஒரு மிடறு விழுங்குங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை போதும். திறக்கவில்லை என்று முகம் சிவக்க ஊதினால் உள்செவியின் மெல்லிய சவ்வு கிழியக்கூடும். அது காது கேளாமையிலும் தலைசுற்றலிலும் போய் முடியும். மூக்கில் மஞ்சள் சளி ஒழுகும்போது ஊதவே வேண்டாம், சளி நடுச்செவிக்குள் ஏறிவிடும். இதய நோய் உள்ளவர்களும் அண்மையில் கண் அறுவை செய்துகொண்டவர்களும் ஊதும் முறையை விட்டுவிட்டு விழுங்கும் முறையை மட்டும் செய்யலாம்.

மூக்கை உப்புநீரால் கழுவுவது நல்லது. தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்கட்டும். ஆவி பிடித்தால் மூக்கு இளகும், காதுக்குள் அது போய்ச் சேராது. பிடிப்பதானால் கொதிக்கும் பாத்திரத்துக்கு மேல் குனியாதீர்கள், வெந்துபோய் வருகிறவர்கள் அதிகம். சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் வகை மூக்குச் சொட்டுகள் வீக்கத்தைச் சட்டென்று குறைக்கும், ஆனால் தொடர்ந்து போனால் மூன்று முதல் ஐந்து நாள்தான். அதற்கு மேல் விட்டால் மூக்கு அந்தச் சொட்டுக்கே அடிமையாகி முன்னைவிட மோசமாக அடைக்கும். ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறவரானால் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடாதீர்கள்.

ஒருவேளை உங்கள் அடைப்பு குளித்த பிறகு தண்ணீர் தங்கியதாக மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு பேச்சே வேண்டாம். அந்தக் காதைத் தரைப்பக்கம் சாய்த்து, மடலை இழுத்து ஆட்டினாலே வழிந்துவிடும்.

விமானத்தில் மேலே போகும்போது காது பெரும்பாலும் தொந்தரவு தராது, உள்காற்று குழாய் வழியே தானாக வெளியேறிவிடும். இறங்கும்போதுதான் சோதனை. விமான அறைக்குள் காற்றழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்து மலையில் இருப்பதுபோல் வைக்கப்பட்டிருக்கும். இறங்க இறங்க வெளியழுத்தம் கூடும், காற்று உள்ளே போயாக வேண்டும், வீங்கிய குழாயோ நனைந்த காகிதக் குழல்போல் ஒட்டிக்கொள்ளும். ஆகவே இறங்கப்போகிறோம் என்ற அறிவிப்பு வரும்போது விழித்திருங்கள். அப்போதிலிருந்து தரையைத் தொடும்வரை ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை விழுங்குங்கள், இடையிடையே மென்மையாக ஊதுங்கள். வலி வரும்வரை காத்திருந்தால் அப்புறம் திறப்பது கடினம். மருத்துவர் உங்களுக்குச் சரி என்று சொன்னால், இறங்குவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் மூக்குச் சொட்டு ஒரு முறை விடலாம்.

குழந்தைக்கு இதெல்லாம் சொல்லித்தர முடியாது, ஆனால் சுலபமான வழி இருக்கிறது. இறங்கும்போது தாய்ப்பாலோ புட்டிப்பாலோ கொடுக்கச் சொல்லுங்கள், உறிஞ்சி விழுங்கும்போது குழாய் திறக்கும். தூங்கினால் எழுப்பிவிடச் சொல்லுங்கள். அழுதாலும் பரவாயில்லை, அழும்போதும் குழாய் திறக்கிறது. அவனுக்கோ அவளுக்கோ பெரியவர்களுடைய மூக்குச் சொட்டை விட வேண்டாம். இன்னொன்று, வீட்டில் தவழும் வயதுக் குழந்தை இருப்பதால் சொல்கிறேன்: வட்டமான பட்டன் பேட்டரி காதிலோ மூக்கிலோ போய்விட்டால் எந்தச் சொட்டும் விடாமல் உடனே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். சில மணி நேரத்திலேயே அது சதையை அரித்துவிடும்.

இன்றிரவு முனகிப் பாருங்கள். ஒலி இடது காதுக்கே வந்தால், நாளை முதல் ஐந்து நாள் எண்ணெய்ச் சொட்டும், கூடவே விழுங்கும் பயிற்சியும். ஏழாம் நாளுக்குள் மாற்றம் தெரியாவிட்டால், பயணத்துக்கு முன்பே ஒரு முறை காதைக் காட்டிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை, பறையின் அசைவை அளந்தே நடுச்செவியில் நீர் இருக்கிறதா என்று சொல்லிவிடுவோம். பயணத்தன்று காதில் வலியோடு முழு அடைப்பும் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவது நல்லது. பறக்கும்போது கடும் வலி வந்து, பிறகு 'சட்'டென்று விட்டு, துளி ரத்தமோ நீரோ கசிந்தால் பறை கிழிந்திருக்கும். பதறாதீர்கள், பெரும்பாலும் சில வாரத்தில் தானாகவே கூடிவிடும். அதுவரை தண்ணீர் படாமல் பாருங்கள், எதுவும் ஊற்றாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தலைசுற்றல், முகம் ஒரு பக்கம் கோணுவது, காய்ச்சலோடு காதுக்குப் பின்னால் வீக்கம், திடீரென்று இரைச்சலோடு செவி மங்குவது, இவற்றில் ஒன்று வந்தாலும் ஏழு நாள் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள். அடைப்பு ஆறு வாரத்தைத் தாண்டியும் ஒரு காதில் மட்டும் நின்றால், மூக்கின் பின்பக்கத்தையும் சிறு கருவி விட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். குழாயின் வாயில் ஏதாவது வளர்ச்சி மறித்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான். மிக அரிதானதுதான், ஆனாலும் பெரியவர்களுக்குப் பார்க்காமல் விடமாட்டோம்.